வளைவுக்கு அந்தப் பக்கம் பொலிஸ்

சாட்சிக் கூட்டுக்குள் புவனேஸ்வரி நிற்கிறார். இடது கக்கத்தில் ஊன்றுகோல். வலது கை கூட்டின் கம்பியை இறுகப் பிடித்திருக்கிறது. கூட்டுக்கு வெளியே, அவருக்குப் பக்கத்தில், நான். எதிரே பொலிஸ் தரப்பில் வழக்கை நடத்தும் சார்ஜன்ட் சிங்களத்தில் எதையோ சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். அதை நான் தமிழில் சொல்லவேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வாய் திறக்கவில்லை.

மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது. பின் வாங்கில் உட்கார்ந்திருக்கும் யாரோ இருமுகிறார்கள். "முதலியார்?" என்கிறார் நீதவான், கோப்பிலிருந்து தலையை உயர்த்தி. அவர் என்னைக் கூப்பிட்டு நினைவூட்ட வேண்டி வந்தது அந்த வருடத்திலேயே அதுதான் முதல் தடவை.

சார்ஜன்ட் சொன்னது இவ்வளவுதான்: "தகவல் கிடைத்து நாங்கள் பலா மரத்து வளைவில் வீதியை மறித்து அந்த வேனுக்காகக் காத்திருந்தோம் ஐயா. எதிரே போன யாரோ ஒரு கார்க்காரர் லைட் அடித்துக் காட்டிவிட்டார். வேன் கொங்கிரீட் ரோட்டில் திரும்பித் தப்பிவிட்டது."

அந்த லைட்டை அடித்தது நான்.

முதலியார் என்றால்

சென்ற வாரம் நீதிமன்றத்துக்குள் கோழியோடு வந்த சாட்சியைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுதியதைப் படித்துவிட்டுப் பலர் சிரித்ததாகச் சொன்னார்கள். இந்த வாரம் சிரிப்பு குறைவு. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எந்தக் கோர்ட் என்று எழுதமாட்டேன். கண்டியைச் சுற்றி எத்தனையோ கோர்ட் இருக்கிறது, அதில் ஒன்று. வழக்கு முடிந்துவிட்டது. ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். என் பெயரைத்தான் மாற்ற வழியில்லை, அது மேலே அச்சாகியிருக்கிறது.

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளரை முதலியார் என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்துப் பட்டம். சேலை கட்டி, கழுத்தில் ஜெபமாலைச் சங்கிலி போட்டு, அம்பிட்டியவிலிருந்து கார் ஓட்டி வருகிற நானும் முதலியார்தான். ஆரம்பத்தில் எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது.

இந்த வேலைக்கு இரண்டு கட்டளைகள். ஒன்று, சாட்சி "நான்" என்றால் நானும் "நான்" என்று சொல்லவேண்டும். "அவர் சொல்கிறார்" என்று தள்ளி நிற்கக்கூடாது. இப்படி எத்தனையோ தடவை நான் மாடு திருடியிருக்கிறேன், மாமியாரை அடித்திருக்கிறேன். இரண்டாவது, மன்றில் பேசப்படும் எதையும் விழுங்கக்கூடாது. சாட்சிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றால், அங்கே சொல்லப்படுவது எல்லாம் அவர் காதுக்குத் தமிழில் போய்ச் சேரவேண்டும்.

புவனேஸ்வரிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். ஹேவாஹெட்ட பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். ஒரு பின்னேரம் வேலை முடிந்து கடைக்குப் போய்விட்டு ரோட்டோரமாக நடந்து வந்தபோது பின்னால் வந்த வெள்ளை வேன் இடித்துப் போட்டது. ஓட்டியவன் இறங்கினான், குனிந்து பார்த்தான், ஏறிப் போய்விட்டான். குனிந்தபோது அவன் வாயில் அடித்த சாராய நாற்றத்தைத்தான் அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னார். கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. இனி மலை ஏறிக் கொழுந்து பறிக்க முடியாது.

வேன் சாரதி அடுத்த நாள் மத்தியானம் சட்டத்தரணியோடு பொலிஸில் வந்து நின்றான். குளித்து, தலை சீவி, திருநீறு பூசி வந்திருந்தானாம். குடித்தானா என்று ஊதிப் பார்க்கும் நேரம் கடந்துவிட்டது. அதனால் குடிபோதை என்ற சொல்லே குற்றப்பத்திரிகையில் இல்லை. கவனயீனம், நிறுத்தாமல் சென்றது, அவ்வளவுதான். மேலே சொன்ன வழக்கு நாளில் அவன் குற்றத்தை ஒப்புக்கொள்வான், நட்டஈடு தீர்மானமாகும், வழக்கு முடிந்துவிடும் என்று எல்லோரும் பேசி வைத்திருந்தார்கள். புவனேஸ்வரியைக் கூட்டில் ஏற்றியது காலைப் பற்றி இரண்டு கேள்வி கேட்கத்தான். அவரோ யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். "அவன் குடிச்சிருந்தான் சாமி," என்றார். நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். ஏன் பரிசோதிக்கவில்லை என்று நீதவான் சார்ஜன்டைக் கேட்டார். அதற்குத்தான் அந்தப் பதில் வந்தது.

துண்டும் மாசக் கடைசியும்

நான் ஏன் லைட் அடித்தேன் என்று சொல்லவேண்டுமானால் கொஞ்சம் சுற்றிப் போகவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். என்னால் நேராகப் போக முடியவில்லை.

எங்கள் நாட்டில் ட்ராபிக் பொலிஸ் பிடித்தால் லைசனை எடுத்துக்கொண்டு தண்டப்பத்திரம் ஒன்றை எழுதித் தருவார்கள். நாங்கள் அதைத் துண்டு என்போம். துண்டை எடுத்துக்கொண்டு தபால் கந்தோருக்குப் போய்ப் பணம் கட்டி, ரசீதோடு பொலிஸுக்கு நடந்து லைசனை மீட்கவேண்டும். தவணை தவறினால் கோர்ட்.

அந்தத் துண்டில் கையால் எழுதுவதெல்லாம் சிங்களம்தான். தமிழ்ச் சாரதிகள் என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார்கள். பிறகு கோர்ட் தாழ்வாரத்தில் என்னைத் தேடி வருவார்கள். "மிஸ், இதுல என்ன எழுதியிருக்கு?" நான் வாசித்துச் சொல்வேன். தொடர் வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. மீண்டும் தொடர் வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. ஒரே இடம், ஒரே கையெழுத்து, ஒரே அரை மணித்தியாலம். அதுவும் மாசக் கடைசி என்றால் தாழ்வாரத்தில் நிற்க இடமிருக்காது.

எனக்கு எரிச்சல் வரும். தன் குற்றத்தைத் தன் பாஷையில் வாசிக்க முடியாத மனுசனிடம் என்ன ஒழுங்கை எதிர்பார்க்கிறீர்கள்?

கோர்ட் வாசலில் ஆட்டோ நிறுத்தியிருக்கும் அஸ்வர் நானா மடவளைக்காரர். வாய் ஓயாத மனுசர். "மாசக் கடைசி வந்தா அவங்களுக்கு துண்டுக் கணக்கு ஒப்படைக்கணும் மிஸ். கோட்டாவ நெரப்ப ஆள் பத்தல்லண்டா மரத்துக்குப் பின்னுக்கு ஒளிஞ்சிக்கிட்டாவது புடிப்பாங்க," என்பார். கேட்டுக்கொண்டு நிற்கும் எல்லோரும் தலையாட்டுவார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று அதில் வித்தியாசமே கிடையாது. இந்த ஊரில் எல்லோரும் ஒரே குரலில் பேசும் விஷயங்கள் இரண்டு. அரிசி விலை ஒன்று, ட்ராபிக் பொலிஸ் மற்றது.

உண்மையிலேயே கோட்டா இருக்கிறதா என்று ஒரு கொன்ஸ்டபிளிடம் நேராகவே கேட்டிருக்கிறேன். கதிரையில் சாய்ந்து, தேநீரை ஊதிக்கொண்டு சொன்னார்: "எண்ணிக்கை என்று ஒன்றும் இல்லை மிஸ். ஆனால் எல்லோரையும் விடக் குறைவாக எழுதியவனாக மட்டும் இருக்கக்கூடாது. அவனுக்கு லீவு கிடைக்காது." எனக்கு அது விளங்கியது. அவர் மேல் கொஞ்சம் பரிதாபமும் வந்தது. அடுத்த வாரம் அதே மனுசர் கண்டிக் குளத்தருகில் எனக்கே ஒரு துண்டு எழுதித் தந்தபோது அந்தப் பரிதாபம் போய்விட்டது.

மஞ்சள் கோட்டும் கொய்யாக் கன்றும்

பொலிஸார் பிடிக்கும் விதங்களைப் பற்றி மட்டும் தனியாக ஒரு அத்தியாயம் எழுதலாம். சாதாரண உடுப்பில் பஸ்ஸில் ஏறி டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வது. ஆட்டோவுக்குள் இருந்து போனில் படம் பிடிப்பது. மதில் ஓரமாகக் குனிந்து நின்று வேகம் பார்க்கும் கருவியை மட்டும் வெளியே நீட்டுவது.

ஒரு மாரி காலத்தில், பனிமூட்டம் அதிகமான வளைவொன்றில் கம்பத்துக்கு மஞ்சள் மழைக்கோட்டை மாட்டி, மேலே வெள்ளைத் தொப்பியை வைத்திருந்தார்கள். தூரத்தில் பார்த்தால் ஆள் நிற்பது போலவே இருக்கும். முதல் வாரம் எல்லோரும் மெதுவாகப் போனார்கள். இரண்டாம் வாரம் லொறிக்காரர்கள் அதற்கு சல்யூட் அடித்தார்கள். மூன்றாம் வாரம் யாரோ கோட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நல்ல கோட்டாம். தொப்பி மட்டும் கொஞ்ச நாள் மிச்சமிருந்தது.

என் வீட்டுக்காரர் கதை இன்னும் மோசம். அவர் கார் ஓட்டினால் பின்னால் வரும் சைக்கிள்காரனுக்குத் தூக்கம் வரும், அவ்வளவு ஒழுங்கு. ஒரு நாள் பேராதனை ரோட்டில் பொலிஸ் கை காட்டி மறித்தது. இவர் உடனே லைசனுக்குள் ஒரு நோட்டை மடித்து வைத்து, கண்ணாடியை இறக்கி, சிரித்த முகத்தோடு நீட்டியிருக்கிறார். வெளியே நின்ற அதிகாரியின் கையில் ஒரு கொய்யாக் கன்று. பக்கத்தில் படம் பிடிக்க ஆள். ஒழுங்காக ஓட்டும் சாரதிகளுக்குப் பரிசு கொடுக்கும் நாளாம் அது.

அதிகாரி நோட்டைப் பார்த்தார், கமராவைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார். "மாத்தயா, அதை உள்ளே வையுங்கள். இதைக் கொண்டுபோய் நடுங்கள்," என்றாராம் மெல்லிய குரலில். கன்று எங்கள் வீட்டுப் பின்புறம் நிற்கிறது. இன்னும் காய்க்கவில்லை.

இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். இப்போது நினைத்தால், பரிசு கொடுக்க நிறுத்தினாலும் பிடுங்கத்தான் நிறுத்துகிறார்கள் என்று எங்களுக்கு அவ்வளவு நிச்சயமாக இருந்திருக்கிறது.

ஒரு லொறிக்காரர் செய்த மரியாதை

நான் கார் ஓட்டப் பழகியது நாற்பது வயதில். மூன்றாம் கையாக வாங்கிய சின்னச் சிவப்புக் கார். பழகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வந்த பெரிய மணல் லொறி இரண்டு தரம் பளிச் பளிச்சென்று லைட் அடித்தது. பொம்பளை ஓட்டுகிறாள் என்று கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்து வாய்க்குள் திட்டினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது தெரிந்த விஷயம்.

வளைவு தாண்டினால் பொலிஸ். அப்போதுதான் விளங்கியது, அந்த மனுசன் என்னைக் காப்பாற்றியிருக்கிறான். யாரென்று தெரியாது. என்ன பாஷை என்று தெரியாது. அவனுக்கும் என்னைத் தெரியாது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் கேட்கலாம். கலவர நாட்களில் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்த ராத்திரிகள் எங்களுக்கு உண்டு. ரோட்டில் வருகிறவர் யார், என்ன பாஷை பேசுவார் என்று பயந்து வளர்ந்தவள் நான். அந்த ரோட்டில் முன்பின் தெரியாத ஒருவர் "கவனம், அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனது போல இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை.

அன்றிலிருந்து நானும் அடிக்கத் தொடங்கினேன். கார், லொறி, ஆட்டோ, பிக்குமார் போகும் வேன், பள்ளிவாசல் பஸ், யாரையும் விட்டதில்லை. எதிரே போகிறவர் கையைத் தூக்கி நன்றி காட்டும்போது அன்று முழுக்க மனசு நிறைந்திருக்கும்.

அஸ்வர் நானா இதற்கு மார்க்க விளக்கமே வைத்திருந்தார். "லைட் அடிக்கிறதும் ஒரு ஸதகா தான் மிஸ், தருமம். ரோட்டுல கல்லு கெடந்தா எடுத்துப் போடுறல்லயா? அது மாதிரி. எங்கட ஆளா, வேற ஆளாண்டு பாத்தா அடிக்கிற?" நான் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றேன். நம்பியும் இருந்தேன்.

அந்தப் பின்னேரம்

என் தங்கையின் பிறந்தநாள். பக்கத்து சீட்டில் கேக் பெட்டி. தலாத்துஓயாவில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மழை தூறியது. மாசத்தின் கடைசி வாரம்.

பலா மரத்து வளைவில் இரண்டு பொலிஸார் நின்றார்கள். அவர்கள் வழக்கமாக ஒளிந்து நிற்கும் இடம்தான். ஆனால் அன்றைக்கு ஒளியவில்லை, நடு ரோட்டுக்கு வந்து மேலே இருந்து வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கவனிக்கவே இல்லை. அதை நான் பார்த்தேன். பார்த்தும், "துண்டு குறையுது போல, மழையிலும் நிக்குதுகள்" என்று முணுமுணுத்தேன்.

வளைவைத் தாண்டினேன். எதிரே, மேட்டிலிருந்து வெள்ளை வேன் இறங்கி வந்தது. வெள்ளைக் கோட்டைத் தாண்டி என் பக்கத்துக்கு வந்து, பிறகு ஒரு இழுப்பில் தன் பக்கத்துக்குப் போய், மறுபடியும் என் பக்கத்துக்கு வந்தது. நான் பிரேக் போட்டு ஓரம் கட்டினேன். கேக் பெட்டி கீழே விழுந்தது.

இதை இந்தப் பத்திரிகையில் எழுதுவதா வேண்டாமா என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். எழுதுகிறேன். அந்த வேனைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: இவன் குடித்திருக்கிறான், பாவம், வளைவில் மாட்டிக்கொள்ளப் போகிறான்.

என் கை போய் லைட்டை அடித்தது. இரண்டு தரம். யோசித்துச் செய்யவில்லை. தும்மல் வந்தால் சிலுவை போடுவது போல அந்தக் கைக்கு அது பழக்கமாகிவிட்டிருந்தது.

வேன் மெதுவானது. சாரதி கையைத் தூக்கிக் காட்டினான். இடது பக்கம் தேயிலைக்குள் இறங்கும் கொங்கிரீட் ரோட்டில் திரும்பிப் போய்விட்டான். நான் குனிந்து கேக்கை எடுத்தேன். ஒரு மூலை நசுங்கியிருந்தது. தங்கை வீட்டில் அதை எல்லோருக்கும் காட்டி, ஒரு குடிகாரனைக் காப்பாற்றினேன் என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

கோர்ட்டில் குற்றப்பத்திரிகையை வாசித்தபோதுகூட எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அந்த ரோட்டில் வெள்ளை வேனுக்கா பஞ்சம்? பலா மரம், கொங்கிரீட் ரோட்டு, லைட் என்று சார்ஜன்ட் சொன்னதும்தான் கோப்பில் இருந்த திகதி கண்ணில் பட்டது. தங்கையின் பிறந்தநாள்.

கேட்டுச் சொல்லுங்கம்மா

"முதலியார்?" என்று நீதவான் கூப்பிட்டதில் விட்டேன் அல்லவா?

சொன்னேன். "நாங்கள் ரோட்டை மறித்துக் காத்திருந்தோம். எதிரே போன ஒரு கார்க்காரர் லைட் அடித்துக் காட்டியதால் வேன் திரும்பித் தப்பிவிட்டது."

புவனேஸ்வரிக்கு நெற்றி சுருங்கியது. "லைட் அடிச்சா என்னாங்கம்மா?"

"பொலிஸ் நிக்குதுன்னு அர்த்தம்."

பஸ்ஸைத் தவிர வேறு வாகனத்தில் ஏறி அறியாத பெண். "ஏங்கம்மா அப்படி அடிச்சாங்க? நான் ரோட்டுல கெடந்தது அவுங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? கேட்டுச் சொல்லுங்கம்மா."

"சாட்சி என்ன சொல்கிறார்?" என்றார் நீதவான்.

விழுங்கக்கூடாது. நான் சிங்களத்தில் சொன்னேன், அவருடைய "நான்" என்னுடைய வாயிலிருந்து வந்தது: நான் ரோட்டில் கிடந்தது அவர்களுக்குத் தெரியுமா?

சார்ஜன்ட் நல்ல மனுசர். கொஞ்சம் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார். "தெரிந்திருக்காது ஐயா. இந்த ரோட்டில் எல்லோரும் அடிப்பார்கள். நாங்கள் எங்கே நின்றாலும் துண்டு எழுதத்தான் நிற்கிறோம் என்று ஊரே நினைக்கிறது. அன்றைக்கு அதற்காக நிற்கவில்லை என்று ஒவ்வொரு காரையும் மறித்தா சொல்ல முடியும்?"

மன்றில் சிரிப்பு எழுந்தது. சட்டத்தரணிகள் சிரித்தார்கள். பதிவாளர் சிரித்தார். பின் வாங்கில் துண்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நீதவான்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். அந்த அறையில் லைட் அடிக்காத கை ஒன்றுகூட இருந்திருக்காது.

புவனேஸ்வரி சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து கேட்டார். "எல்லாரும் ஏம்மா சிரிக்கிறாங்க?"

இதை எந்த பாஷையில் சொல்வது? நீதவானைப் பார்த்துத் திரும்பினேன். "ஐயா, இந்த வழக்கில் நான் மேற்கொண்டு மொழிபெயர்க்க முடியாது. அந்த லைட்டை அடித்தது நான். வேன் கோட்டைத் தாண்டித் தாண்டி வந்ததையும் பார்த்தேன்."

சிரிப்பு நின்றது. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மன்றில் சொன்னதைச் சாட்சிக்குச் சொல்லவேண்டும். அதனால் புவனேஸ்வரியின் முகத்தைப் பார்த்து அதையே தமிழில் சொன்னேன்.

"அப்படிங்களா," என்றார்.

நீதவான் பேனாவை மூடினார். என் வாக்குமூலத்தைப் பதியவேண்டும், வேறு முதலியார் வரவேண்டும், வழக்குக்கு இன்னொரு தவணை. வேன் சாரதியின் சட்டத்தரணி கையை விரித்தார்.

எனக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விளக்கம் கேட்டுக் கடிதம், எச்சரிக்கை, இடமாற்றம். தாழ்வாரத்தில் ஆட்கள் துண்டோடு என்னிடம் வருவது நின்றது. அஸ்வர் நானாவுக்கு என் மேல் பெரிய மனத்தாங்கல். "நீங்க என்னத்துக்கு மிஸ் வாயத் தொறந்த? லைட்டுக்கு நம்பர் பிளேட் ஈக்கா?" என்றார். நான் சாட்சி சொன்ன அன்றைக்கு, கார் கண்ணாடிக்கு உள்ளே இருந்தபடியே சாராயம் மணந்ததா என்று வேன்காரனின் சட்டத்தரணி கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தார். கடைசியில், பல தவணைக்குப் பிறகு, ஆபத்தான முறையில் ஓட்டியதாகத் தீர்ப்பு வந்தது. வேன்காரனின் லைசன் இடைநிறுத்தப்பட்டது. சாராயத்தைப் பற்றித் தீர்ப்பில் ஒரு சொல்லும் இல்லை. நட்டஈடு முதல் நாள் பேசிய அதே தொகைதான்.

நான் செய்தது சரியா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சரி என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை.

தாழ்வாரம்

அன்றைக்கு மன்று கலைந்ததும் ஓடிப்போனேன். புவனேஸ்வரி தாழ்வாரத்து வாங்கில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோல் மடியில் கிடந்தது.

"என்னை மன்னிச்சிருங்க," என்றேன். நின்றபடியே சொன்னேன். உட்காரத் தைரியம் வரவில்லை.

"இன்னைக்கோட முடிஞ்சிரும்னு அந்தப் பொலிஸ் ஐயா சொன்னாரு," என்றார். "இப்ப மறுபடி வரணுங்களா?"

"வரணும்."

"எத்தன தடவ?"

பதில் தெரிந்தவள் நான்தான். "நான் கார்ல கூட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன். ஒவ்வொரு தவணைக்கும்."

"வேணாங்கம்மா. பஸ்ஸு இருக்கு." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அந்த வேன் ஆடி ஆடி வந்ததப் பாத்தீங்கதான?"

"பாத்தேன்."

"பொலிஸ்காரங்க வளைவுக்கு அந்தப் பக்கந்தான நின்னாங்க?"

"ஆமா. ரெண்டு நிமிசம்கூட ஆகாது."

"வேன்காரனுக்குப் பொலிஸு நிக்குதுன்னு சொன்னீங்க." மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எனக்கு விளங்கவேண்டும் என்பது போலச் சொன்னார். "காரத் திருப்பிக்கிட்டுப் போயி, இந்த மாதிரி ஒரு வேன் வருதுன்னு பொலிஸுக்குச் சொல்லத் தோணலயாம்மா?"

காரைத் திருப்பலாம் என்ற அந்த எண்ணம் இத்தனை வருடத்தில் எந்த ரோட்டிலும், எந்த வேனைப் பார்த்தும், எனக்கு வந்ததே இல்லை. அவர் கேட்ட பிறகுதான் அப்படி ஒன்று செய்திருக்கலாம் என்றே தெரிந்தது.

"தோணலைங்க," என்றேன்.

அவர் தலையாட்டினார். ஊன்றுகோலைக் கக்கத்தில் வைத்து எழுந்து, ஒவ்வொரு படியாக இறங்கி, ஹேவாஹெட்ட பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.